ஃபோர் வீல் ஆகும் பழைய பிக்கப்: பின்பக்கத்தில் மாறுவது என்ன?

சாதாரண பிக்கப்பில் எஞ்சினின் விசை பின் அச்சுக்கு மட்டுமே போகிறது. வண்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரத்தின் மேல் எடை குறைவு. மழை ஈரத்தில் ஏறினால் டயர் சுழலுமே தவிர வண்டி நகராது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், பெரக்கரை நாடு போன்ற ஊராட்சிகளில், மிளகும் காபியும் வாழையும் ஏற்றித் தோட்டத்து மண்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. அதனால்தான் பழைய பிக்கப்பை ஃபோர் வீலாக மாற்றலாமா என்ற யோசனை வருகிறது.

முன் அச்சும், விசையை இரு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் புதிதாக வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்பக்கம் ஏற்கெனவே இழுக்கிறதே, அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது உயரம். முன் அச்சும் அதன் கிரவுன் ஹவுசிங்கும் எஞ்சினுக்குக் கீழே அடங்க வேண்டுமென்றால் முன்பக்கம் உயர்ந்தாக வேண்டும். பின்பக்கமும் அதற்கு ஈடாக உயர வேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் அச்சுக்குக் கீழே இருக்கும் வண்டியில், அவற்றை அச்சின் மேல் ஏற்றி யூ போல்ட் போட்டால் உயரம் கிடைத்துவிடும். இதற்கு அச்சின் மேல் புதிய இருக்கைகளை வெல்டிங் செய்ய வேண்டும். ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். பட்டைகளே மேலே இருக்கும் வண்டிக்கு வளைவு கூடிய பட்டைகள் தேவைப்படும்.

இரண்டாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார்ந்ததும் பின் ஷாஃப்டுக்கான இடம் குறைகிறது. அதை வெட்டி, வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையாகி வண்டியும் உயர்ந்தால் அதன் சாய்வு கூடும். இரு முனையிலும் ஒற்றை கிராஸ் (யுனிவர்சல் ஜாயிண்ட்) உள்ள ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டு அச்சும் பின் அச்சிலுள்ள பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அதிரும், கிராஸ் சீக்கிரம் தேயும். எனவே ஸ்பிரிங் இருக்கையை வெல்டிங் செய்யும் முன்பே பினியனின் கோணத்தை அளந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது கிரவுன்-பினியன் விகிதம். பழைய ஜீப்பின் முன் அச்சைப் பொருத்தினால் 43 பல் கிரவுனும் 8 பல் பினியனும் இருக்கக்கூடும், விகிதம் 5.38. பின் அச்சில் 39-க்கு 8 இருந்தால் 4.88. இரண்டுக்கும் பத்து சதவீத வேறுபாடு. ஃபோர் வீல் போட்டுத் தார்ச்சாலையில் ஓட்டினால் இரு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்து, டயரும் கியரும் தேயும். கண்டுபிடிக்கும் வழி எளிது: பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, இரு சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். முன்னும் பின்னும் டயர் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உயரம் கூடுவதற்கு ஒரு விலை உண்டு. ஈர்ப்பு மையம் மேலே போவதால், பாரம் ஏற்றிய வண்டி வளைவில் சாயும் அபாயம் அதிகரிக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையிலோ 70 கொண்டை ஊசி வளைவுகள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

மலைத்தோட்டத்துக்கு ஃபோர் வீல் பிக்கப் தேவைப்படுபவர், நிறுவனமே அப்படித் தயாரித்த வண்டியைப் பழையதாகவேனும் வாங்குவதே மேல். இருக்கிற வண்டியே போதுமென்றால் பின் டயருக்கு நல்ல பட்டனும், ஏற்றத்தில் பின்பக்கம் கொஞ்சம் பாரமும் பாதித் தொல்லையைத் தீர்க்கும்.