எச்-1பி நுழைவிசைவும் உழைப்புச் சந்தையும்

முன்னுரை

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் எச்-1பி என்னும் தற்காலிகப் பணி நுழைவிசைவை உருவாக்கியது. ஆண்டுக்கு 65,000 என்றிருந்த அதன் உச்சவரம்பு, 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளில் 1,95,000 ஆக உயர்த்தப்பட்டுப் பின்னர்ப் பழைய அளவிற்கே திரும்பியது. இதன்வழி வரும் கணினி வல்லுநர் உள்நாட்டாருக்குப் போட்டியாளரா, துணைவரா என்பது பொருளியல் ஆய்வுலகில் நீடிக்கும் வினாவாகும்.

ஊதியமும் பயனும்

குடிவரவு இல்லாதிருப்பின், 2001இல் உள்நாட்டுக் கணினி வல்லுநரின் ஊதியம் 2.6 முதல் 5.1 விழுக்காடு வரை கூடுதலாக இருந்திருக்கும் என ஜான் பவுண்ட், கௌரவ் கன்னா, நிக்கோலஸ் மொராலிஸ் ஆகியோர் மதிப்பிடுகின்றனர். எனினும், விலை குறைந்ததால் நுகர்வோரும், இலாபம் பெருகியதால் நிறுவனங்களும், துணைத்தொழில் புரிவோரும் பயனடைந்தனர் என்பதும் அவ்வாய்வின் முடிபாகும். இழப்பு ஒரு பிரிவினர்மீது குவிகிறது. பயனோ பலரிடையே பரவுகிறது.

பேரம் பேசும் ஆற்றல்

அப்பகுதியில் நிலவும் ஊதியம், நிறுவனம் ஒத்த பணியாளருக்கு வழங்கும் ஊதியம் ஆகிய இரண்டனுள் மிகுதியானதை வழங்கவேண்டும் என்பது சட்டம். ஆனால், நிலவும் ஊதியத்தின் தொடக்கப் படிநிலை நடுநிலை ஊதியத்தினும் தாழ்ந்தது. பணியிழந்தவர்க்கு அதிக அளவாக 60 நாள்களே அவகாசமுண்டு. நிரந்தர வசிப்புரிமையில் நாடொன்றுக்கு 7 விழுக்காடு என்னும் வரம்பு இந்தியரைப் பல்லாண்டுகள் காத்திருக்கச் செய்கிறது. இத்தகைய நிலையில் உள்ளவர் ஊதிய உயர்வை வற்புறுத்தத் தயங்குவர். அத்தயக்கம் உடன் பணிபுரியும் உள்நாட்டாரின் பேர வலிமையையும் குறைக்கக்கூடும்.

முடிவுரை

ஆகவே, எண்ணிக்கையை மட்டும் முன்வைக்கும் விவாதம் முழுமையற்றது. குடியேறியவர் தடையின்றிப் பணிமாறும் உரிமை பெறுவது, இருசாராரின் ஊதியத்திற்கும் காப்பாக அமையும்.