மியுவானைப் பிடிக்கும் 'அண்ட்' கேட்

ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வானிலிருந்து பொழியும் மியுவான் என்ற துகள்களைப் பிடிக்க அங்கே 3,712 வாயுக் குழாய்கள், நான்கு அடுக்குகளாக. ஒரு குழாயில் மின்துடிப்பு வந்தால் போதாதா? போதாது. சுற்றுப்புறக் கதிரியக்கம்கூட அதைத் தூண்டிவிடும். நான்கு அடுக்குகளும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் துடித்தால்தான், ஒரு துகள் ஊடுருவிப் போயிருக்கிறது என்று நம்பலாம்.

'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்' என்று அடம்பிடிக்கும் மின்சுற்றுதான் அண்ட் கேட். 1930-இல் இத்தாலிய இயற்பியலாளர் புரூனோ ராஸி இதே வேலைக்காக வெற்றிடக் குழாய்களில் இதை அமைத்தார். எலெக்ட்ரானிக் கணினி அப்போது பிறக்கவே இல்லை!

இங்கிருந்து கணினிக்குத் தூரம் குறைவுதான். அண்ட் கேட்டின் விடையைத் தலைகீழாக்கினால் நாண்ட் கேட். ஐந்து நாண்ட் கேட்டுகள் இரண்டு பிட்டுகளைக் கூட்டிவிடும். இரண்டைக் குறுக்காகப் பிணைத்தால் ஒரு பிட் நினைவில் நிற்கும். கூட்டலும் நினைவும் கிடைத்தபின் மிச்சமெல்லாம் பெருக்கிக்கொண்டு போவதுதான்.

பிளஸ் டூ மாணவர்களே, மெய் அட்டவணையை மனப்பாடம் செய்தது போதும். 7400 என்ற சிப்பில் நான்கு நாண்ட் கேட்டுகள் உண்டு. இரண்டு சிப் வாங்கி, கூட்டிப் பாருங்கள்.