பக்கம் மாறிய துளை

பல வருடங்களுக்கு முன் கல்முனையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மீன்பிடிப் படகொன்றின் இயந்திரத்துக்கு இரும்புத் தாங்கி செய்யும்படி ஜப்பானிய வரைபடமொன்றின் பிரதி வந்தது. முன்நிலைப்படத்தின் வலப்புறத்தில் பக்கநிலைப்படம். அதில் ஒரு துளை. உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் முறிகோடுகள் பிரதியில் அழிந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் படித்தபடி இடப்பக்கத் தகட்டில் துளை போட்டேன். தாங்கி பொருந்தவில்லை. படகுக்காரருக்கு இரண்டு நாள் தொழில் போனது. பட்டறைக் காக்கா ஏசவில்லை. "தம்பி, மூலையில இருக்கிற கூம்பப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பொருளை நேரெதிரே நின்று பார்த்து, அதன் விளிம்புகளைச் சமாந்தரக் கோடுகளால் ஒரு தளத்தில் செங்குத்தாக விழுத்துவதே செங்குத்து எறியம். நிலைக்குத்துத் தளமும் கிடைத்தளமும் வெட்டும்போது நான்கு மூலைகள் உண்டாகின்றன. பொருளை முதலாம் மூலையில் வைத்தால், அது கண்ணுக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும். சுவரில் நிழல் விழுவதுபோல, இடமிருந்து பார்த்தது வலப்புறத்தில் விழும். மேலிருந்து பார்த்தது கீழே வரும். இது முதலாம் கோண எறியம்.

மூன்றாம் மூலையில் வைத்தால் தளம்தான் நடுவில். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை அந்தக் கண்ணாடியிலேயே வரைவது போன்றது. வலமிருந்து பார்த்தது வலப்புறத்திலேயே இருக்கும். மேலிருந்து பார்த்தது மேலேயே இருக்கும். இரண்டாம், நான்காம் மூலைகளில் வைத்தால், தளங்களை விரிக்கும்போது கிடைப்படமும் நிலைப்படமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அதனால் அவை வழக்கத்தில் இல்லை.

இந்தக் கணிதத்தை ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸின் காஸ்பார் மோஞ்ச் (1746–1818). கோட்டை அமைப்பதற்கு உதவியதால் இராணுவம் இதை நெடுங்காலம் இரகசியமாக வைத்திருந்தது. 1795இல்தான் அவரால் பாரிஸில் பகிரங்கமாகக் கற்பிக்க முடிந்தது.

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் முதலாம் கோணம் வழக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோணம். நமது கரைக்கோ எல்லாத் திசையிலிருந்தும் இயந்திரங்கள் வருகின்றன.

எந்த முறை என்பதை, வரைபடத்தின் தலைப்புக் கட்டத்திலுள்ள நுனி வெட்டிய கூம்பு சொல்லிவிடும். அருகிலுள்ள இரட்டை வட்டம் கூம்பின் சிறிய முனைப் பக்கம் இருந்தால் மூன்றாம் கோணம். பெரிய முனைப் பக்கம் இருந்தால் முதலாம் கோணம்.

உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அளவுகளைப் பார்க்க முன்னர் அந்தக் கூம்பைப் பாருங்கள். பரீட்சையில் பிழைத்தால் சில புள்ளிகள்தான் போகும். பட்டறையில் பிழைத்தால் இன்னொருவரின் உழைப்பு போகும்.