உங்களுக்குத் தெரியுமா?

மேஃப்ளவர் கப்பலில் 1620-இல் அமெரிக்கா போனவர்களில் பலர், அதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் குடியிருந்த இங்கிலாந்துக்காரர்கள்!

● 1609-இல் சுமார் நூறு பேர் குடியேற மனு போட்டார்கள். ஒழுங்காக நடந்துகொண்டால் யார் வந்தாலும் தடுக்க மாட்டோம் என்றது நகர நிர்வாகம். அவ்வளவுதான்.

● இன்று அவ்வளவு சுலபமில்லை. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருபவர், வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அப்போதுதான் பிஎஸ்என் என்ற குடிமக்கள் சேவை எண். சம்பளம், காப்பீடு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். ‘இந்த முகவரியில் பதிய முடியாது’ என்று வாடகை விளம்பரத்தில் ஒரு வரி இருந்தால், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் யோசியுங்கள்.

● பழைய வீடுகளில் மாடிப்படி கிட்டத்தட்ட ஏணிதான். கட்டிலும் பீரோவும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகும்.

● அக்டோபர் 3 ஊர்த் திருவிழா. 1574-இல் ஸ்பானிய முற்றுகை விலகிய நாள். ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் இலவசம். லெய்டன் பல்கலைக்கழகம் பிறந்தது முற்றுகை விலகிய அடுத்த வருஷமே.