சம்பளம் லேட்டா வருதா? காரணம் பரண்ல இருக்கலாம்!



கையில ரெண்டு ஆஃபர் லெட்டர். ஒண்ணு மாசம் 42,000 ரூபாய், இன்னொண்ணு 38,000. எதை எடுக்கறது? உடனே எல்லாரும் சிடிசி, டேக் ஹோம், பிஎஃப்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடுவோம். ஆனா அந்தச் சம்பளத்தைக் குடுக்கப்போற கம்பெனியை எப்படி நடத்தறாங்கன்னு கேக்கறவங்க ரொம்பக் குறைவு. அப்படிக் கேட்டா உண்மையான பதில் வருமா? இதே கேள்வியோட ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகளுக்கு ஃபோன் போட்டுப் பார்த்திருக்காங்க. அவங்க எப்படிக் கேட்டாங்க, அதுல நமக்கு என்ன இருக்குன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

சிந்தாதிரிப்பேட்டையில ஒரு பரண்

நான் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தப்போ, சிந்தாதிரிப்பேட்டையில ஒரு சின்ன வொர்க்‌ஷாப்புக்கு ஸ்டாக் எடுக்க அனுப்பினாங்க. வண்டி உதிரி பாகம் செய்யற இடம். பேர் வேண்டாம். முதலாளி நல்ல மனுஷர். போன உடனே டீ வாங்கிக் குடுத்து, "தம்பி, நம்ம கம்பெனியில எல்லாம் பக்காவா இருக்கும். பத்துக்கு எட்டு மார்க் தாராளமா போடலாம்"னு சொன்னார்.

ஸ்டாக் ரெஜிஸ்டர் எங்க சார்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தன்னோட தலையைத் தொட்டுக் காட்டினார். ஒரு நாள்ல முடியவேண்டிய வேலை மூணு நாள் இழுத்தது. மூணாவது நாள் பரண்ல ஏறிப் பார்த்தா, பிரிக்காத பேரிங் பெட்டிகள் வரிசையா இருக்கு. அதே சைஸ் பேரிங்கைப் போன மாசம்தான் புதுசா வாங்கியிருந்தார். பரண்ல இருக்கற சரக்கு அவருக்கே ஞாபகம் இல்ல.

அங்க அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கிட்டிருந்த அண்ணனுக்கு பைக் லோன் இ.எம்.ஐ. 5ஆம் தேதி. சம்பளம் வர 11, 12 ஆயிடும். ஒவ்வொரு தடவையும் பவுன்ஸ் சார்ஜ் ஜிஎஸ்டியோட 590 ரூபாய். கேட்டா, கஸ்டமர் இன்னும் பணம் தரலன்னு முதலாளி சொல்வார். அது பொய் இல்ல. ஆனா பரண்ல தூங்கின பணமும் சேர்ந்துதான் அந்தச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டது. நிர்வாகம் சரியில்லாததுக்கு மாசாமாசம் அபராதம் கட்டினது அந்த அண்ணன்.

மார்க் கேக்காம, நடந்ததைக் கேட்டாங்க

நிக்கோலஸ் புளூம், ஜான் வான் ரீனன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள். "நல்ல நிர்வாகம்னு சொல்றோமே, அதை அளக்க முடியுமா?"ன்னு யோசிச்சாங்க. அமெரிக்கா, பிரிட்டன், ஃபிரான்ஸ், ஜெர்மனியில 732 கம்பெனிகளைக் கேட்டு, முடிவை 2007ல வெளியிட்டாங்க. அப்புறம் அது 'உலக நிர்வாக சர்வே'யா வளர்ந்து, இந்தியத் தொழிற்சாலைகளுக்கும் வந்தது.

கேட்ட விதம்தான் இதுல முக்கியம். ஃபேக்டரி மேனேஜரைக் ஃபோன்ல பிடிச்சு 18 விஷயங்களைப் பத்திப் பேசுவாங்க. "தரத்தைச் சரிபார்க்கறீங்களா?"ன்னு கேட்டா எல்லாருமே "ஆமா"ன்னுதான் சொல்வாங்க. அதனால, "உற்பத்தி எப்படிப் போகுதுன்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறீங்க? கடைசியா ஒரு பிரச்சினை வந்தப்போ என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க. பதிலைக் கேட்டு 1லேருந்து 5 வரைக்கும் மார்க். மார்க் போடறாங்கன்னு மேனேஜருக்குச் சொல்ல மாட்டாங்க. கம்பெனி லாபத்துல ஓடுதா நஷ்டத்துல ஓடுதான்னு கேக்கறவருக்கும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு பக்கமும் கண்ணைக் கட்டின மாதிரி.

சராசரியா, மார்க் அதிகமான கம்பெனிகள்ல உற்பத்தித் திறனும் லாபமும் அதிகமா இருந்தது. இந்தியாவோட சராசரி அமெரிக்காவை விட நல்லாவே கீழ. ஆனா இந்தியாவுக்குள்ளயே ரொம்ப நல்லா நடக்கற கம்பெனியும் இருந்தது, ரொம்ப மோசமானதும் இருந்தது.

பேட்டி முடியும்போது இன்னொரு கேள்வி: "உங்களை விட்டுட்டுச் சொல்லுங்க, உங்க கம்பெனி நிர்வாகத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" பெரும்பாலானவங்க சராசரிக்கு மேலதான் போட்டுக்கிட்டாங்க. அந்த மார்க்குக்கும் கம்பெனியோட நிஜமான செயல்பாட்டுக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்ல! நம்ம வொர்க்‌ஷாப் முதலாளியோட "பத்துக்கு எட்டு" ஞாபகம் வருதா? அவர் பொய் சொல்லல. தராசு இல்லாம எடை சொன்னார், அவ்வளவுதான்.

நெசவு ஆலையில ஒரு பரிசோதனை

இங்க ஒரு சந்தேகம் வரணும். நல்லா நடத்தறதால லாபம் வருதா, இல்ல லாபம் வர்ற கம்பெனிக்குத்தான் நல்லா நடத்த வசதி இருக்கா? சர்வேயால மட்டும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. பரிசோதனை செஞ்சு பார்க்கணும்.

அது நடந்தது மும்பை பக்கத்து நெசவு ஆலைகள்ல. நம்ம சிந்தாதிரிப்பேட்டையும் நெசவுக்காகப் பிறந்த ஊர்தான், தெரியுமா? 1734ல கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்துல, கூவம் கரையில நெசவாளர்களைக் குடியேத்தினாங்க. 'சின்னத் தறிப்பேட்டை'தான் இப்படி மருவிடுச்சுன்னு சொல்வாங்க.

மும்பை கதைக்கு வருவோம். 2008ல 17 நிறுவனங்களோட 28 ஆலைகளை எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் குடும்பத் தொழில். நூல் மூட்டைகள் லேபிள் இல்லாம குவிஞ்சு கிடந்தது. அதே பரண் கதை! குடும்பத்துல எத்தனை ஆண் பிள்ளைங்க இருக்காங்களோ, அந்த அளவுக்குத்தான் கம்பெனி வளர்ந்திருந்தது. வெளியாளை நம்பிப் பொறுப்பைக் குடுக்கறது குறைவு.

குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்த சில ஆலைகளுக்கு, ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தோட ஆட்களை அனுப்பி அஞ்சு மாசம் இலவசமா உதவினாங்க. மத்த ஆலைகளுக்கு ஒரு மாசம் ஆய்வு மட்டும். சொல்லிக் குடுத்ததெல்லாம் சாதாரண விஷயம்தான். குறைகளை அன்னன்னைக்கே எழுதி வை, ஸ்டாக்குக்குக் கணக்கு வை, மெஷின் நிக்கறதுக்கு முன்னாடியே பராமரி. இப்படி 38 பழக்கங்கள்.

முதல் வருஷத்துலயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. மூணு வருஷத்துக்குள்ள, உதவி கிடைச்ச நிறுவனங்கள் புது ஆலைகளையும் திறந்தாங்க. இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் முன்னாடியே செய்யல? சில பழக்கங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சதையும், 'அதெல்லாம் நமக்கு லாபப்படாது'ன்னு விட்டிருந்தாங்க.

ஒன்பது வருஷம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பார்த்தாங்க. கத்துக்கிட்டதுல பாதிப் பழக்கத்தைக் கைவிட்டிருந்தாங்க. பொறுப்புல இருந்த மேனேஜர் போயிட்டார், முதலாளிக்கு நேரமில்ல. ஆனாலும் உதவி கிடைக்காத ஆலைகளை விட நல்ல நிலையிலதான் இருந்தாங்க.

இன்டர்வியூல நீங்க கேக்கவேண்டியது

"எதாவது கேக்கணுமா?"ன்னு எச்.ஆர். கடைசியா கேப்பாங்க இல்லையா? "நத்திங்"னு எழுந்து வராதீங்க. "உங்க கம்பெனி கல்ச்சர் எப்படி?"ன்னும் கேக்காதீங்க. அதுக்கும் "பத்துக்கு எட்டு" மாதிரிதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்க:

1. கடைசியா ஒரு பெரிய தப்பு நடந்தப்போ, அது திரும்ப நடக்காம இருக்க என்ன மாத்தினீங்க?
2. என் டீமோட வேலையை எந்த நம்பரை வெச்சு அளக்கறீங்க? அதை யார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை பாக்கறாங்க?
3. இந்த வருஷ டார்கெட்டுல என் சீட்டோட பங்கு என்ன?
4. போன வருஷம் நல்லா வேலை செஞ்சவங்களுக்கு என்ன கிடைச்சது?
5. இந்த வேலையை முன்னாடி பார்த்தவர் போனப்போ, அதை எப்படிச் சமாளிச்சீங்க?

உதாரணத்தோட பதில் வந்தா நல்ல அறிகுறி. "அதெல்லாம் சார் பாத்துப்பார்"னு வந்தா, எல்லாம் சாரோட தலைக்குள்ள இருக்குன்னு அர்த்தம்.

ஒரு ஆடிட்டரா நான் சேர்த்துக்கற ஆறாவது டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ஒரு மாசத்து பிஎஃப்பை அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கம்பெனி கட்டணும். அங்க வேலை செய்யற ஒருத்தரைத் தெரிஞ்சா, பிஎஃப் பாஸ்புக்ல மாசாமாசம் ஒழுங்கா ஏறுதா, சம்பளம் எந்தத் தேதியில வருதுன்னு கேளுங்க. மண்டைக்குள்ள நடக்கற கம்பெனி முதல்ல தவறவிடறது தேதியைத்தான்.

முதல்ல சொன்ன ரெண்டு ஆஃபருக்கு வருவோம். 42,000 குடுக்கற இடத்துல இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினாங்க, 38,000 குடுக்கற இடத்துல தெளிவா சொன்னாங்கன்னா, நான் 38,000ஐ எடுப்பேன். வித்தியாசம் 4,000தான். லேட் சம்பளம், பவுன்ஸ் சார்ஜ், அடிபடற சிபில் ஸ்கோர், நிக்கிற இன்க்ரிமெண்ட் எல்லாத்தையும் கூட்டினா அந்த 4,000 தாங்காது.

முடிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு கேள்வி. உங்க பண நிர்வாகத்துக்குப் பத்துக்கு எத்தனை? ஏழா, எட்டா? சரி. போன மாசம் வெளிச் சாப்பாட்டுக்கு எவ்வளவு போச்சு? ஃபோனைப் பாக்காம சொல்லுங்க.

சொல்ல முடியலன்னா, உங்க வீட்டுலயும் ஒரு பரண் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை ஏறிப் பாருங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!