குழாய் நீரும் குடிநீரும்

புதிய ஊரொன்றில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தினர் வாடகைக்கு வீடு பார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, "தண்ணீர் எப்படி?" என்பதேயாகும். "நல்ல தண்ணீர்தான்" என்று விடை வந்துவிட்டால் நம் மனம் அமைதி அடைகிறது. ஆனால் நம் வழக்கில் நல்ல தண்ணீர் என்பது உப்புக் கரிக்காத தண்ணீரையே குறிக்கும். பருப்பு வேகுமா, காப்பி சுவைக்குமா என்பவற்றுக்கு அச்சொல் விடை தரும். அந்நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதற்கு விடை தராது. நாவுக்கு இனிய நீரும் கண்ணுக்குத் தெளிந்த நீரும் உடலுக்குத் தீங்கற்ற நீராய் இருக்கவேண்டும் என்பதில்லை. சிறு நகரங்களில் நகராட்சிக் குழாயை நம்பி வாழும் நம்மவர்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

நீரினால் நோய் பரவும் என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளைத் தேடிக் குறித்துக்கொண்டே சென்று, அவர்களுள் பெரும்பாலோர் ஒரே தெருக்குழாயில் நீர் எடுத்தவர்கள் என்பதைக் கண்டார். அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் தெளிவாக வரையறுத்து அறிவித்தது 1884-இல், நம் கல்கத்தா நகரில். 1892-இல் ஜெர்மனியில் எல்பா நதிக்கரையிலுள்ள ஹாம்பர்க் நகரில் வாந்திபேதியால் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனை அடுத்திருந்த ஆல்டோனா நகரும் அதே நதியின் நீரையே பருகியது. எனினும் அங்கே நீரை மணலில் வடிகட்டி வழங்கியதால் அந்நகர் பெரும்பாலும் தப்பியது. ஒரே தெருவின் ஒருபுறம் நோயும் மறுபுறம் நலமும் இருந்தமை கண்டு அக்கால மக்கள் வியந்தனர்.

இன்று நம் நாட்டின் சிறு நகரங்களிலும் நீர் ஏறக்குறைய இம்முறையிலேயே தூய்மை பெறுகின்றது. ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ எடுத்த நீரில் முதலில் படிகாரத்தைக் கலக்கின்றனர். அது கலங்கலைத் திரட்டி அடியில் தங்கச் செய்கின்றது. தெளிந்த நீரை மணற்படுகையின் வழியே வடிகட்டுகின்றனர். இறுதியில் குளோரின் சேர்த்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகின்றனர். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் பெறும் ஊர்களில் பெரும்பாலும் குளோரின் சேர்ப்பது ஒன்றே நடைபெறும்.

குளோரின் சேர்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. நிலையத்தில் உள்ள கிருமிகளைக் கொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. வழியில் புகக்கூடிய கிருமிகளையும் எதிர்க்கும் பொருட்டு, அது சிறிதளவு மிஞ்சி நீருடன் நம் வீடுவரை வந்து சேரவேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி அம்மிச்சம் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அஃதாவது 5,000 லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம்! அவ்வளவு சிறிய அளவே நமக்கு மெய்க்காப்பாளனாய் நிற்கின்றது. ஆகவே காலையில் குழாய் நீரில் இலேசான மருந்து வாடை வீசினால் முகம் சுளிக்க வேண்டா; காவலன் வந்திருக்கின்றான் என்று கொள்வோம். அவ்வாடை பல நாள்களாக அடியோடு இல்லாமற் போனாலே விசாரிக்க வேண்டும்.

எனினும் குளோரின் எல்லாம் வல்லதன்று. இதற்குத் தலைநகராம் டில்லியே சான்று. 1955-ஆம் ஆண்டில் யமுனையில் வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் போக்கு மாறியது. நஜஃப்கட் கால்வாயின் கழிவுநீர், வஜீராபாதில் குடிநீர் எடுக்கும் இடத்தை நோக்கித் திரும்பி ஓடியது. நிலையத்தார் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிச் சேர்த்தனர். அதனால் குடற்காய்ச்சல் முதலிய நோய்கள் பெரிதாய்ப் பரவவில்லை. ஆயினும் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறக்குறைய 29,000 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. கிருமிகளினும் நுண்ணிய வைரஸ் ஒன்று, அத்தனை அழுக்கினூடே ஒளிந்து, மருந்துக்குத் தப்பி வந்துவிட்டது. அது இன்னதென்று அன்று விளங்கவில்லை. சேமித்து வைத்திருந்த குருதிநீரைப் பல்லாண்டுகளுக்குப் பின் 1980-இல் சோதித்தபோதே அது அதுவரை அறியப்படாத வகையென்று புலனாயிற்று. இன்று அதனை ஹெபடைட்டிஸ் ஈ என்கின்றனர்.

இவ்வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உள. முதலாவது, நீர் எடுக்கும் இடத்திலேயே சாக்கடை கலக்குமாயின், பின்னர் எவ்வளவு மருந்திட்டாலும் முழுக் காவல் கிட்டாது. இப்பாடத்தை நாம் முற்றும் கற்றுவிட்டோம் எனல் இயலாது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2015-16 குளிர்காலத்தில், சிம்லாவில் அசுவினி கட் என்னும் நீரோடையில் கழிவுநீர் கலந்ததால் அதே காமாலை பரவியது. இரண்டாவது, இந்நோய் நீரைப் பருகிய இரண்டு வாரம் முதல் பத்து வாரம் கழித்தே தலைகாட்டும். நோய் தெரியும் நாளில் அந்நீர் குழாயைவிட்டு என்றோ போயிருக்கும். ஆதலின் "இன்றைய தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கின்றது" என்னும் வாதம் செல்லாது.

இக்காமாலை பெரும்பாலோருக்குத் தானே தணிந்துவிடும். ஆனால் கருவுற்ற மகளிருக்கு, சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், இது உயிருக்கே இறுதியாகக் கூடியது. தலைப்பிரசவத்திற்கு மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்து வருவது நம் வழக்கம். அத்தாய்வீடு எந்த மாநிலத்தில் இருப்பினும், மகள் வந்து சேரும் நாளுக்கு முன்னரே அவ்வீட்டின் குடிநீருக்கு ஓர் ஒழுங்கு செய்துவிடுதல் வளையல்களும் புதுப்புடவையும் வாங்குவதினும் முதன்மையானது.

இனி, நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட வழியைக் காண்போம். சிறு நகரங்களில் குழாய் நாள் முழுதும் ஓடுவதில்லை. காலையில் ஒரு மணி, மாலையில் அரை மணி என்றே நீர் விடுகின்றனர். நீர் நின்றபின் மண்ணுக்குள் இருக்கும் குழாய் காலியாகின்றது. அதன் இணைப்புகளில் கசிவு இருந்தால், நீர் ஓடும்போது வெளியே கசிந்த அதே துளை, நீர் நின்றபின் அக்கம்பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும் வாயாகி விடுகின்றது. கருநாடகத்தின் ஹுப்ளி-தார்வாடில் சில பகுதிகளுக்கு 2008 முதல் நாள் முழுதும் நீர் வழங்கத் தொடங்கினர். அங்கு நடந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விட்டுவிட்டு நீர் வரும் தெருக்களின் குழாய் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில் மலக்கலப்பைக் காட்டும் கிருமி இருந்தது என்றும், இடைவிடாது நீர் வரும் பகுதிகளில் நூற்றுக்கு ஒன்றிலேனும் அது காணப்படவில்லை என்றும் தெரிவிக்கின்றது. ஒரே நிலையம், ஒரே நகரம். வேறுபாடு குழாயின் அழுத்தத்திலேதான்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தெருக்குழாயிலிருந்து நேரே நீரை இழுக்கும் சிறு மோட்டார்கள் வட மாநில ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. டுல்லு பம்பு என்று அங்கே வழங்கும் அம்மோட்டார் நீரை மட்டும் இழுப்பதன்று. குழாயில் எங்கெங்கே பழுதுண்டோ அங்கெல்லாம் அழுக்கையும் சேர்த்து இழுக்கின்றது. மோட்டார் வைத்திருப்போர் தமக்கும், வைக்கவியலாத எளிய அயலாருக்கும் சேர்த்தே நோயை அழைக்கின்றனர். குழாயில் வரும் நீரைத் தரைத்தொட்டியில் தானே விழவிட்டு, அத்தொட்டியிலிருந்து மோட்டாரால் மாடிக்கு ஏற்றுதலே நேரிய முறை. நீர் விட்டவுடன் வரும் முதல் சில குடங்களைப் பாத்திரம் கழுவவும் செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்திவிட்டுப் பின்னர் வருவதையே குடிக்கப் பிடித்தல் நலம்.

வீட்டிற்குள் வந்தபின்னும் நீர் கெடக்கூடும். தரைத்தொட்டியும் மாடித்தொட்டியும் மூடியின்றிக் கிடந்தால் நிலையத்தாரின் உழைப்பெல்லாம் வீணாகும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பியபின், 1,000 லிட்டர் நீருக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். திறந்து வைத்த பவுடர் தன் வீரியத்தை இழந்துவிடும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். குடத்தில் கைவிட்டு மொண்டு குடிக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். நீண்ட காம்புள்ள அகப்பையோ, அடியில் குழாய் வைத்த பானையோ போதும். பித்தளைக் குடத்திலும் செப்புக் குடத்திலும் ஓரிரு நாள் வைத்த நீரில் குடற்கிருமிகள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் பாட்டிமாரின் குடங்களுக்கு இது பெருமையே; ஆயினும் அதனையே முழுக்காவலாக நம்புதல் தகாது.

காய்ச்சிக் குடித்தலே எவர்க்கும் எட்டும் காவல். நீர் சுட்டால் மட்டும் போதாது. குமிழிகள் பொங்கிக் கொதித்தபின் ஒரு நிமிடம் விடவேண்டும். சிம்லா போன்ற உயர்ந்த மலையூர்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து விடுவதால் மூன்று நிமிடம் விடுதல் வேண்டும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவைப்பது சிறந்தது. மழைக்காலம் முழுதும், தெருவில் குழாய் உடைந்து சீர்செய்த சில நாள்களும், பக்கத்து வீடுகளில் வயிற்றுப்போக்கோ காமாலையோ கண்ட காலத்திலும் இதனைத் தவறாது செய்வோமாக.

ஆனால் காய்ச்சுதல் உயிருள்ள நஞ்சைத்தான் அழிக்கும். இராஜஸ்தானத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. கங்கைச் சமவெளியின் சில மாவட்டங்களில் ஆர்சனிக் உண்டு. இவற்றைக் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நஞ்சின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. அவ்வூர்களில் வேறு நல்ல நீர்நிலையை நாடுதலோ, அவற்றை நீக்கவல்ல கருவியை வைத்தலோ வேண்டும். எது தேவை என்பதைச் சோதனைக் கூடத்தின் முடிவே சொல்லும், விற்பனையாளரின் சொல்லன்று.

நாமே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. குளோரின் மிச்சத்தை அளக்கும் சிறு பெட்டியில் சில சொட்டு மருந்தை நீரில் விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடலாம். குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தார் 1982-இல் வெளியிட்ட மற்றொரு முறையில், மருந்திட்ட சிறு புட்டியில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு உள்ள நீர் கறுத்துவிடும். விலை மலிவானது, குடியிருப்பில் பத்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பார்க்கலாம். புட்டி கறுத்தால் அந்நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. நகராட்சிக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். கறுக்காவிடினும் வைரஸ் இல்லை என்று அதனால் உறுதி கூறவியலாது.

எங்கே முறையிடுவது என்பது பிற மாநிலத்தில் வாழும் நமக்கு எழும் ஐயம். மகாராஷ்டிரத்தின் சிறு நகரங்களில் நகர் பரிஷத், உத்தரப் பிரதேச நகரங்கள் பலவற்றில் ஜல்கல் அல்லது ஜல் சன்ஸ்தான், இராஜஸ்தானத்தில் பெரும்பாலும் மாநிலப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை என இப்பொறுப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். வீட்டு நீர்வரிச் சீட்டில் அவ்வலுவலகத்தின் பெயர் இருக்கும். எழுதும்போது "தண்ணீர் சரியில்லை" என்று பொதுவாய் எழுதாமல், "எங்கள் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் மிச்சம் எவ்வளவு? கடைசியாகச் சோதித்த நாள் எது?" என்று கேட்டால் திட்டமான பதில் தந்தாக வேண்டியிருக்கும். மொழி தடையெனின், உள்ளூர் அண்டை வீட்டாரையும் சேர்த்துக் கையொப்பமிடச் செய்யலாம்.

எவ்வளவு காத்தும் வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடின், உடலின் நீரும் உப்பும் குறையாமற் காப்பதே முதற்கடமை. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலந்து அடிக்கடி கொடுக்கவேண்டும். 1971-இல் வங்க அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இவ்வகைக் கரைசலைக் கொண்டே எண்ணற்றோரைக் காப்பாற்றினார். குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

குழாயைத் திறந்து அப்படியே பருகும் நிலை நம் நாட்டில் எட்டாக்கனி அன்று. ஒடிசாவின் பூரி நகரில் 2021-இல் நாள் முழுதும் அத்தகைய நீர் வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒரு கோயில் நகரில் இயன்றது ஏனைய சிறு நகரங்களிலும் இயலும். "சில ஆண்டு இருந்துவிட்டுப் போகும் ஊர்தானே" என்று நம்முள் சிலர் ஒதுங்கியிருப்பதுண்டு. ஆனால் நாம் குடிப்பதும் நம் குழந்தைகள் வளர்வதும் அவ்வூர்த் தண்ணீரிலேயே. தெருவில் ஒரு குழாய் கசிவதைக் கண்டால் அது யார் வீட்டு வாசலில் என்று பாராமல் அன்றே தெரிவிப்பது, அவ்வூருக்கும் நமக்கும் நாம் செய்யும் எளிய தொண்டாகும்.