செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி மாற்றும் முன் இதைப் பாருங்கள்!



பால் சொசைட்டிக்குப் போக, சந்தைக்குக் காய்கறி கொண்டு போக, பிள்ளையைப் பள்ளியில் விட, வங்கியில் தவணை கட்ட என்று எல்லாவற்றுக்கும் இன்று நமக்கு வண்டி வேண்டும். குழுவில் கடன் எடுத்து வாங்கியவர்கள் நம்மில் உண்டு. 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியத்தோடு வாங்கியவர்களும் உண்டு. காலையில் அந்த வண்டி கிளம்பவில்லை என்றால் அன்றைய வியாபாரம் போச்சு.

தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டால், "பேட்டரி போயிடுச்சும்மா, புதுசு போடணும்" என்று சொல்வார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. சில நேரம் அது உண்மையாக இருக்கும். ஆனால் பேட்டரி நன்றாக இருந்தும், ஒரு லூசான திருகோ போன ஃபியூஸோ காரணமாக இருப்பதும் உண்டு. அதைச் சரி செய்யாமல் புது பேட்டரி போட்டால் காசும் போகும், தொல்லையும் தீராது.

பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி

வீட்டுத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அழுத்தும்போது பேட்டரியிலிருந்து ஒரே மூச்சில் நிறைய கரண்ட் போகிறது. இஞ்சின் ஓடும்போது அது திரும்ப நிரம்புகிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் உடனே தொட்டியையே மாற்றுவோமா? குழாய் அடைத்திருக்கிறதா, மோட்டார் ஏற்றுகிறதா, யாராவது குழாயைத் திறந்து விட்டார்களா என்றுதானே பார்ப்போம். வண்டிக்கும் அதே வழிதான்.

வண்டி என்ன சொல்கிறது?

1. செல்ஃப் அழுத்தினால் சத்தமே இல்லையா? முதலில் ஹேண்டிலில் உள்ள சிவப்பு கில் சுவிட்சைப் பாருங்கள். ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். சில புது வண்டிகள் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் எடுக்காது. இதெல்லாம் சரி என்றால் ஃபியூஸைப் பாருங்கள்.

2. "டிக் டிக்" என்று மட்டும் சத்தம் வருகிறதா? ஹாரன் மெலிந்து, விளக்கு மங்குகிறதா? பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூசாக இருக்கிறது.

3. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லையா? இது பேட்டரி கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

4. இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக மின்னுகிறதா? பெரும்பாலும் அந்தப் பக்கத்து பல்பு போயிருக்கும்.

நாமே செய்யக்கூடிய வேலைகள்

டெர்மினல்: பேட்டரி சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கும் இடத்துக்கு அடியிலோ இருக்கும். சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு முனையிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இந்த வரிசையை மறக்காதீங்க. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் பிரஷால் முனைகளைத் தேய்த்து, துடைத்துக் காய விடுங்கள். இறுக்கமாக மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

ஃபியூஸ்: உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருந்தால் ஃபியூஸ் போய்விட்டது. அதே ஆம்பியர் எண் உள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றுவது, சிகரெட் தாளை வைப்பது கூடவே கூடாது. ஒயர் எரிந்து வண்டியே தீப்பிடிக்கலாம். ஃபியூஸ் அடிக்கடி போனால் எங்கோ ஒயர் உரசுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. ஹாரன் அடிக்கும்போது போகிறதா, பிரேக் பிடிக்கும்போது போகிறதா என்று கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

தண்ணீர்: ஆசிட் பேட்டரி என்றால் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் மட்டம் இருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் ஆகாது. சீல் வைத்த பேட்டரியைத் திறக்கவே வேண்டாம்.

எச்சரிக்கை: பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். இருட்டாக இருக்கிறது என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள். ஆசிட் மேலே பட்டால் நிறைய தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று எண்கள் போதும்

மல்டிமீட்டர் என்ற சின்னக் கருவி எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டி.சி. 20 என்ற இடத்தில் வைத்து, சிவப்பு ஒயரை பிளஸிலும் கறுப்பு ஒயரை மைனஸிலும் தொட வேண்டும்.

- இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழ் என்றால் இறங்கிவிட்டது. வெளியே சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும்.
- இஞ்சின் ஓடி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. புது பேட்டரி போட்டாலும் இறங்கிவிடும். ரெகுலேட்டர், காயில், ஒயர் பார்க்கச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி உப்பும், பல்பு அடிக்கடி போகும்.
- செல்ஃப் அழுத்தும்போது 9.5-க்குக் கீழ் விழுந்தால், முழுசாக சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால்தான் பேட்டரியை மாற்றும் நேரம்.

பேட்டரி நீடிக்க

அரை கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி செல்ஃப் போட்டால் எடுத்த கரண்ட் திரும்ப ஏறாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கும் எரியும். அதனால் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரில் எடுங்கள். வாரம் ஒருமுறையாவது இருபது நிமிடம் ஓட்டுங்கள். நிறைய நாள் நிறுத்துவதாக இருந்தால் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். கலர் லைட், பெரிய ஹாரன் எல்லாம் கூடுதலாக மாட்டாதீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை உள்ளே அனுப்பவே கரண்ட் வேண்டும். பேட்டரி முழுசா இறங்கினால் கிக்கரிலும் கிளம்பாமல் போகலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் செல்ஃப் மெலியும்போதே கவனியுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பில்லும், தேதி போட்டு முத்திரை வைத்த வாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரிக்கு விலை உண்டு. அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் போட்டு வைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதில் உள்ள ஈயம் குழந்தைகளுக்குக் கெடுதல்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். குழுவுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கலாமா என்றும் பேசுங்கள். இருபது பேர் சேர்ந்து போட்டால் ஆளுக்கு ஒரு டீ காசுதான் வரும். அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது, "அண்ணே, ஓடும்போது 12-தான் காட்டுது, சார்ஜ் ஆகலைன்னு நினைக்கிறேன்" என்று நீங்களே சொல்லலாம்.